பாகற்காய் சொன்ன மிளகு விலை

முன்னொரு காலத்தில் மிளகு வாணிகத்தில் பித்தேறிய ஓர் அரசர் இருந்தார். ஒருநாள் பொக்கிஷ அதிகாரி சேந்தன் ஓலைக்கட்டோடு சபைக்கு வந்தான்.

"அரசே, மிளகு விலை மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் வாங்க வேண்டும். இரண்டு நாள் இறங்கினால் விற்க வேண்டும். பத்து வருடத்து விலை ஓலைகளில் சோதித்துவிட்டேன். ஒரு வருடம்கூட நஷ்டமில்லை."

அரசருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "பஞ்சக் களஞ்சியத்து நெல்லை விற்று மிளகு வாங்குங்கள்!" என்றார்.

பஞ்சத்துக்கென்று குடிகள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த நெல் அது. சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அரசவை விகடகாரன் அம்பலக்கூத்தன் மட்டும் எழுந்தான். "மழை பொய்த்தால் ஊர் மிளகையா தின்னும்?" என்று கத்தினான்.

சேந்தனுக்கு அவன்மேல் வெகுநாள் பொறாமை. "பத்து வருட ஓலைக்கும் பொருந்துகிற வேறொரு விதியை இவர் நாளைக்குள் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றான். அரசர் தலையசைத்தார். நெல் விற்பனை ஒருநாள் தள்ளிப்போனது.

மறுநாள் கூத்தன் அரண்மனைச் சமையல் ஓலைகளோடு வந்தான். "அரசர் பாகற்காய் உண்ட மறுநாள் வாங்க வேண்டும். பூசணி உண்ட மறுநாள் விற்க வேண்டும். இதுதான் விதி."

கணக்கர்கள் பொருத்திப் பார்த்தார்கள். சேந்தனின் விதியைவிட இரு மடங்கு லாபம்! அரசர் வாயைப் பிளந்தார். "இனி எனக்குத் தினமும் பாகற்காய்தானா?"

"அரசே, இருநூறு பதார்த்தங்களைப் பொருத்திப் பார்த்தேன். பொருந்தாததையெல்லாம் தள்ளிவிட்டேன். மிஞ்சியது இது. சேந்தனாரே, நீர் எத்தனை விதிகளைத் தள்ளினீர்?"

சேந்தன் ஓலைக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கூத்தன் அரசரிடம் திரும்பினான்.

"இந்த வருடத்து விலை ஓலை இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறது. நாங்கள் இருவருமே அதைப் பார்த்ததில்லை. அதில் சோதியுங்கள், அரசே!"

ஓலை வந்தது. கணக்கர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பாகற்காய் விதியில் போட்ட பணத்தில் பாதி போயிருக்கும். சேந்தனின் விதியில் முழுவதும் போயிருக்கும்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். கூத்தன் சிரிக்கவில்லை.

"மாலை எதற்கு? ஊர்ச் சோற்றை ஒரே வார்த்தையில் விற்கத் துணிந்தீர்களே, களஞ்சியச் சாவியைக் கொடுங்கள்!"

அரசரின் சிரிப்பு நின்றது. சாவியை எடுத்துக் கூத்தன் கையில் வைத்தார். பிறகு சேந்தன் பக்கம் திரும்பியவருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

"இவனுக்குப் பத்து வருடம் பாகற்காய்ச் சோறு போடுங்கள். ஒருநாள்கூடத் தவறக்கூடாது!"