ஜெயதாஸ் மாஸ்டரின் ரைபிளுக்குத் தோட்டா

"எந்த மெஷின் வாங்கட்டும், டீச்சர்?"

கேட்டுக்கொண்டேதான் குமாரதாஸ் தபித்தாளின் பட்டறைக்குள் வந்தார். கையில் ஒரு கட்டு விளம்பரப் புத்தகம்.

ரைபிள் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்க என்னென்ன கருவி உண்டோ, அத்தனைக்கும் படம் வைத்திருந்தார். கைப்பிடியின் ஒரு இழுப்புக்கு ஒரு வேலை செய்கிற, தோட்டாவை அழுத்தி மூடும் பிரஸ். ஒரே இழுப்பில் எல்லா வேலையும் முடிக்கிற பிரஸ். வெடிமருந்தைத் தானே அளக்கும் தராசு. கல்யாணப் புடவை எடுக்கிறவர்கள்கூட இத்தனை குழம்ப மாட்டார்கள். ரிட்டயரான மனிதருக்கு நேரத்துக்கா பஞ்சம்?

தபித்தாள் அவரைவிட ரொம்பச் சின்னவள். மலை மேலிருந்த ரைபிள் கிளப்பில் பயிற்சியாளர். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்து நிரப்ப முறையாக அனுமதி வாங்கியவள். அவளுக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தவர் குமாரதாஸின் அண்ணன், ஜெயதாஸ் மாஸ்டர்.

மாஸ்டர் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவருடைய ரைபிள் இப்போதுதான் தம்பி பேருக்கு மாறியிருந்தது. வருகிற ஞாயிறு, மாஸ்டர் நினைவாகக் கிளப்பில் போட்டி. அண்ணன் துப்பாக்கியில், தன் கையால் போட்ட தோட்டாவைச் சுடவேண்டும். குமாரதாஸுக்கு அந்த ஒரு ஆசைதான்.

தபித்தாள் புத்தகங்களை வாங்கி ஓரமாக வைத்தாள். தன்னுடைய பழைய பிரஸைக் காட்டி, இதில் போட்டுப் பாருங்கள், அப்புறம் மெஷினைப் பேசலாம் என்றாள்.

மாஸ்டர் ஏற்படுத்திய வழக்கத்தையும் சொன்னாள். காலிக் கூடு இடது பலகையில் தலைகீழாக நிற்கும். நிமிர்த்தி மருந்து போட்டதும் வலது பலகைக்குப் போகும். அங்கேதான் குண்டு வைத்து மூடுவது. இந்தப் பழைய ரைபிளுக்கு மருந்து கொஞ்சம்தான். ஒரே கூட்டில் இரண்டு தடவை போட்டாலும் வழியாது, மூடிவிட்டால் தெரியவும் தெரியாது. சுட்டால் ரைபிள் வெடிக்கும். முகமும் போகும்.

குமாரதாஸ் தலையாட்டிவிட்டு ஆரம்பித்தார். நன்றாகத்தான் செய்தார்.

மருந்து வாடை மூக்கில் ஏறியதும் பேச்சில் அண்ணன் வந்துவிட்டார்.

ஒரு போட்டியில் இலக்குப் பலகைக்கு முன்னால் காட்டெருமை வந்து நின்றதாம். மாஸ்டர் எல்லாரையும் துப்பாக்கியை இறக்கச் சொல்லிவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்துவிட்டாராம். எருமை போகிறவரை பிஸ்கட். கோப்பை யாருக்கு என்ற கவலையே இல்லை.

அந்த பிஸ்கட் என்னுடையது, ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை மனுஷன் என்றாள் தபித்தாள். இருவரும் சிரித்தார்கள். குமாரதாஸின் கை அது பாட்டுக்கு மருந்தைக் கொட்டியது, குண்டை வைத்தது, மூடியது.

சிரிப்பு அடங்கியது.

வரிசையாகத் தோட்டாக்கள் நின்றன. இடது பலகை எப்போது காலியானது என்று யாருக்கும் நினைவில்லை. கடைசியில் குமாரதாஸ் கூடுகளைத் தலைகீழாக நிறுத்தாமல், அவை கிடந்த மூட்டையிலிருந்தே நேராக எடுத்திருந்தார்.

"எல்லாத்துலயும் ஒரு தடவைதான போட்டீங்க?"

குமாரதாஸ் தோட்டா வரிசையைக் குனிந்து பார்த்தார்.

"தெரியலை, டீச்சர். நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"நானும் பாக்கலை."

தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாமா என்றார் குமாரதாஸ். கூட்டுக்குக் கூடு எடை மாறும், நம்ப முடியாது என்றாள். அண்ணனுடைய துப்பாக்கியை நானே உடைத்திருப்பேனே என்று முனகினார்.

தபித்தாள் குண்டு கழற்றும் சுத்தியலை எடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தாள்.

ஒரு கூட்டிலிருந்து மருந்து கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டு தடவை போட்ட மருந்து.

"அப்ப எனக்கு அந்தப் பெரிய மெஷின்தான் சரி," என்றார் குமாரதாஸ். "அது தப்பு விடாது இல்லையா, டீச்சர்? என்ன விலைன்னாலும் வாங்கிடறேன். முதல்ல எதை வாங்கணும், அதை மட்டும் சொல்லுங்க."

தபித்தாள் மருந்து டப்பாவை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வெயிலில் போட்டாள். திரும்பி வந்து இன்னொன்றையும் தூக்கிப்போய் எதிரே போட்டாள்.

"உக்காருங்க, சார்," என்றாள். "மாஸ்டர் செத்ததுக்கு உங்கள மாதிரியே நானும் இன்னும் அழலை."