மகாராஜாவின் முழங்கால்

கூவலூரை ஆண்ட உத்தண்டராயருக்கு நாளும் மூன்று வேளை சாப்பாடு, ஆறு வேளை புகழ்ச்சி. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார். புகழ்ச்சியில் குறைந்தால் முகம் சுண்டிப் போகும். அந்தக் குறை வராமல் பார்த்துக்கொண்டவர் பிரதானி நஞ்சப்பையா. மகாராஜா கொட்டாவி விட்டால்கூட, "ஆகா, சிங்கம் வாய் திறந்தது!" என்பார். அந்த ஒரு திறமையை வைத்தே பிரதானி ஆனவர்.

ஒரு நாள் அவருக்குப் புதிதாக ஒன்று தோன்றியது.

"மகாராஜா, தங்கள் உத்தரவில்லாமல் இந்த ராஜ்யத்தில் ஒரு துரும்பும் அசைவதில்லை. அதைச் சட்டமாகவே எழுதிவிட்டால் என்ன?"

ராயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளே ஓலை தயார். நஞ்சப்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு சபையில் வாசித்தார்: "மகாராஜாவின் உத்தரவில்லாமல் இந்தச் சபையில் அங்கம் அசையக் கூடாது. அசைந்தால், அது யாருடைய அங்கமானாலும் வெட்டப்படும்!"

சபை மூச்சுவிடப் பயந்தது. அந்த நேரம் பார்த்துச் சாம்பிராணிப் புகை வாசல் பக்கம் திரும்பியது. அங்கே நின்ற காவலன் பேச்சிமுத்து பல்லைக் கடித்துப் பார்த்தான். மூச்சை அடக்கிப் பார்த்தான். ஊஹூம்.

"அச்!"

மண்டபமே அதிர்ந்தது.

"அசைந்தது மூக்கு!" என்று துள்ளினார் நஞ்சப்பையா. "அறுங்கள் அதை!"

பேச்சிமுத்து தடாலென்று விழுந்தான். "சாமி, நானா தும்மல, அதுவா வந்துடுச்சு! புள்ளகுட்டிக்காரன் சாமி! மூக்கில்லாம தெருவுல எப்படி நடப்பேன்?"

ராயரின் நாடி பார்க்க அரண்மனை மருத்துவச்சி அங்கம்மை அப்போது வந்திருந்தாள். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவதில் கெட்டிக்காரி. 'இந்த அரண்மனையில் முறிந்த எலும்பைவிட வளைந்த முதுகெலும்புதான் அதிகம்' என்று சொல்லிச் சிரிப்பவள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சேவகன் கத்தியை உருவிவிட்டான்.

"மகாராஜா, அவன் சொல்வது நிஜம்" என்றாள். "தும்மல் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு துடிக்கிறது. இரைப்பை சோற்றைக் கடைகிறது. தூங்கும்போதும் மூச்சு ஓடுகிறது. இதற்கெல்லாம் யார் உத்தரவு போட்டார்கள்? உடம்பில் பாதிக் காரியம் தலைக்குத் தெரியாமலே நடக்கிறது."

நஞ்சப்பையா குறுக்கே பாய்ந்தார். "உன் உடம்பில் நடக்கும்! மகாராஜாவின் உடம்பில் நடக்காது. அவர் படுக்கப் போகுமுன் இருதயத்துக்குத் 'துடி' என்று உத்தரவிடுகிறார். அது விடியும்வரை துடிக்கிறது!"

அப்படி ஏதும் சொன்னதாக ராயருக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும், "ஆமாம், ஆமாம்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்படியானால் ஒரு சின்னச் சோதனை" என்றாள் அங்கம்மை. "மகாராஜா காலைத் தொங்கவிட வேண்டும். முழங்காலில் லேசாகத் தட்டுவேன். 'அசையாதே' என்று காலுக்கு உத்தரவு போடுங்கள். கால் கேட்டுவிட்டால், அவன் மூக்கோடு என் மூக்கையும் அறுத்துக்கொள்ளுங்கள்."

"இவ்வளவுதானா?" ராயர் பாதபீடத்தைத் தள்ளிவிட்டுக் காலைத் தொங்கவிட்டார். "காலே, அசையாதே!"

நஞ்சப்பையாவால் சும்மா இருக்க முடியுமா? "நானே சாட்சி!" என்று முழங்காலுக்கு எதிரே தாடையை நீட்டிக்கொண்டு குனிந்தார்.

அங்கம்மை மருந்து இடிக்கும் சின்ன உலக்கையை எடுத்தாள். முட்டிச் சில்லுக்குக் கீழே 'டொக்' என்று ஒரு தட்டு.

ராயரின் கால் விசுக்கென்று எழுந்தது. காலில் கிடந்த வீரக்கழல் பிரதானியின் தாடையைப் பதம் பார்த்தது. தலைப்பாகை ஒரு பக்கம் விழுந்தது, பிரதானி ஒரு பக்கம் விழுந்தார்.

சபையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் உதடு போய்விடும்.

ராயர் தம் காலையே வெறித்துப் பார்த்தார். "நான் ஒன்றும் செய்யவில்லையே! அதுவாகவே..."

"தெரியும் மகாராஜா. முழங்காலில் தட்டிய சேதி முதுகுத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்தே பதில் புறப்பட்டுவிடுகிறது. தலைக்கு விஷயம் எட்டுவதற்குள் உதை விழுந்தாயிற்று." அங்கம்மை ஓலையை எடுத்துப் பார்த்தாள். "ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. 'யாருடைய அங்கமானாலும்' என்றல்லவா பிரதானியார் எழுதியிருக்கிறார்? கால் உத்தரவில்லாமல் அசைந்திருந்தால்..."

சேவகன் கத்தியோடு மகாராஜாவின் காலைப் பார்த்தான். ராயர் காலைச் சட்டென்று மடக்கி மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"இல்லை, உத்தரவுப்படிதான் அசைந்தது என்றால் கவலையே இல்லை" என்றாள் அங்கம்மை. "'அசையாதே' என்று சொன்ன கால் அசைந்ததும் தங்கள் உத்தரவுதான் என்றால், பேச்சிமுத்துவின் தும்மலும் தங்கள் உத்தரவுதான். எது உண்மை? சாட்சி இருக்கிறாரே, அவரே சொல்லட்டும்."

எல்லோரும் நஞ்சப்பையாவைப் பார்த்தார்கள். உதட்டில் ரத்தம். தாடை பணியாரமாய் வீங்கியிருந்தது. உத்தரவில்லை என்று சொன்னால் மகாராஜாவின் கால் போகும். அதற்கு முன்னால் தம் தலை போகும். இருபது வருஷப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. தள்ளாடி எழுந்து கைகூப்பினார்.

"உத்தரவுப்படிதான் உதைத்தது, மகாராஜா! திருவாய் 'அசையாதே' என்றது. திருவுள்ளம் 'உதை' என்றது. என் தாடைக்கே நன்றாகக் கேட்டது!"

ராயருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தொந்தி குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. அதைப் பார்த்துச் சபையும் சிரித்தது. ராயர் ஓலையை இரண்டாக முறித்துப் போட்டார். பேச்சிமுத்துவை எழுந்து போகச் சொன்னார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அங்கம்மையிடம் கொடுத்தார்.

நஞ்சப்பையா தலைப்பாகையைத் தேடிக்கொண்டு மறுபடியும் சிம்மாசனத்தடியில் குனிந்தார்.

ராயர் மடக்கிய காலை மெல்லத் தொங்கவிட்டார்.

"அங்கம்மை," என்றார், "இன்னொரு தட்டுத் தட்டு."