எண்பத்து மூன்றாவது கல்

ஆப்பிரிக்கக் குடியரசு ஒன்றில் சுகாதாரத் துறையைச் சீர்திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு நர்ஸ் வேலை பார்த்த கிராம மருத்துவமனைக்கு அமைச்சர் எம்பேவேயின் உத்தரவு வந்தது: "நான் வரும்போது நோயாளிகள் வரிசையில் நின்றால் மருத்துவமனையை மூடிவிடுவேன்." ஊர்க்காரர்கள் இன்னொரு நர்ஸ் கேட்டிருந்தார்களே, அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மருத்துவமனையைப் பெருக்கித் துடைப்பவள் சிகொண்டி. அமைச்சர் வரும் நாளில் நோயாளிகள் எல்லோரையும் ஊர் வழக்கப்படி வாசலில் ஆளுக்கொரு கல்லை வைத்து வரிசையில் இடம்பிடிக்கச் சொல்லி, மாமரத்தடிக்கு அனுப்பிவிட்டாள்.

அமைச்சர் வாசலைப் பார்த்தார். ஆளே இல்லை. "வரிசையை ஒழித்துவிட்டேன்!" என்று தொலைக்காட்சிக் கேமரா முன் முழங்கினார். "எங்கே, என் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்" என்று சட்டைக் கையையும் மடித்தார்.

சிகொண்டி ஒரு கல்லை நீட்டினாள். "இதைக் கடைசியில் வையுங்கள் ஐயா. உங்களுக்கு முன்னால் எண்பத்திரண்டு பேர் மரத்தடியில் இருக்கிறார்கள்."

"அப்படியானால் வரிசை இருக்கிறதா?"

"இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? மூடுவதென்றால் கேமராவைப் பார்த்து மாற்றிச் சொல்லிவிடுங்கள் ஐயா."

அமைச்சர் கேமராவைப் பார்த்தார். கல்லை வாங்கிக் கடைசியில் வைத்தார். மருத்துவமனை தப்பியது.

மறுநாள் பிற்பகல்தான் அவருடைய முறை வந்தது. கல் இருந்தது, அமைச்சரைக் காணோம்.