செங்கோடனின் கல்யாணக் கார்

சட்டிக்குட்டைக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

அந்த ஊர்ச் செங்கோடனுக்கு முப்பத்தாறு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. கல்யாணத்தன்று காலை பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும், தவறினால் தை மாதம்தான் என்று புரோகிதர் சொல்லிவிட்டார். தை வரைக்கும் பெண் வீட்டார் மனசு மாறாமல் இருக்க வேண்டுமே! ஏற்கெனவே இரண்டு இடம் அவனுக்குத் தட்டிப்போயிருந்தது.

மாமன்மார் கவலை வேறு: மாப்பிள்ளை யார் காரில் போவது? பெரியமாமன் நாச்சிமுத்துவிடம் பழைய பெட்ரோல் கார் இருந்தது. சின்னமாமன் ராக்கியண்ணன் முந்தாநாள்தான் எலெக்ட்ரிக் கார் எடுத்திருந்தார். இன்றைக்குத்தான் முதல் ஓட்டம்.

“அண்ணா, உன்ற வண்டி வயித்துக்குள்ள நெருப்பை வெச்சுக்கிட்டு ஓடுது. அதுல மாப்ளயை ஏத்தலாமா?”

“உன்ற வண்டியில சத்தமே இல்லியே தம்பி. மாப்ள தாலி கட்டப் போறானா, கோழி திருடப் போறானான்னு ஊருக்கு எப்படித் தெரியும்?”

ரெண்டும் நியாயமாகத்தான் பட்டது செங்கோடனுக்கு. அந்த நேரம் பார்த்து மாமனார் போன் செய்தார். “மாப்பிள்ளையை வழியில எங்கயும் இறக்காம கூட்டிட்டு வந்துருங்க.”

“கேட்டியாண்ணா? நீ பெட்ரோல் போட பங்க்ல நிறுத்தோணும், இறங்கோணும். ஆகாது” என்றார் ராக்கியண்ணன். எலெக்ட்ரிக் கார் ஜெயித்தது. சத்தக் குறையைத் தீர்க்க, நாச்சிமுத்து பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வருவதாக முடிவானது.

பாதி வழியில் ஒரு டீக்கடை. அங்கே போட்டிருந்த ரேடியோ செட் பாட்டு பாதியில் நின்றது. “கரண்டு போச்சு” என்றார் கடைக்காரர்.

ராக்கியண்ணன் சட்டென்று பிரேக்கை மிதித்தார். “மாப்ள, கரண்ட்டுல ஓடுற வண்டின்னு ஷோரூம்ல சொல்லித்தான் குடுத்தாங்க. இனி வந்தாத்தான் போகும்.”

“அப்ப நான் பெரியமாமன் வண்டியில ஏறிக்கிறனுங்க.”

“இறங்கக் கூடாதுன்னு மாமனார் சொல்லிப்போட்டாரே!”

செங்கோடன் எடுத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டான். நாச்சிமுத்து தம் காரை முன்னால் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார். இழுக்க இழுக்கப் புகைதான் வந்தது.

“பிரேக்கிலிருந்து காலை எடுடா!”

“எப்படி எடுக்கறது? திடீர்னு கரண்டு வந்து வண்டி பாஞ்சுட்டா?”

கயிறு அறுந்தது.

மாப்பிள்ளையைக் காணோமென்று பெண் வீட்டார் புரோகிதரையும் ஏற்றிக்கொண்டு வேனில் தேடி வந்துவிட்டார்கள். மணப்பெண் கோகிலா ராக்கியண்ணன் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

“மாமா, எண்பது பர்சன்ட் சார்ஜ் இருக்குதுங்களே!”

“சார்ஜ் இருக்குது அம்மணி. கரண்டு இல்லியே.”

கோகிலா சற்று யோசித்தாள். “அதுவும் சரிதானுங்க” என்றாள். தனக்கேற்ற பெண் கிடைத்துவிட்டாள் என்று செங்கோடனுக்குக் கண் கலங்கியது.

முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம்தான் பாக்கி. மாப்பிள்ளை இறங்கக் கூடாது, நேரமும் தவறக் கூடாது. ஜன்னல் வழியாகவே தாலி கட்டிவிடலாம் என்றார் புரோகிதர். கோகிலா குனிந்தாள். செங்கோடன் தாலியோடு கையை நீட்டினான்.

ரேடியோ செட் மறுபடி பாடத் தொடங்கியது.

“வந்துருச்சு!” என்று ராக்கியண்ணன் காலை மாற்றி மிதித்தார். கார் பறந்தது. தாலி செங்கோடன் கையிலேயே இருந்தது.

“மாமா, நிறுத்துங்க!”

“கரண்டு இருக்கறப்ப எப்படி மாப்ள நிக்கும்?”

மண்டபத்தைத் தாண்டிப் போய், ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு கார் திரும்பி வந்தது. தாலியை நீட்டியபடி செங்கோடன் பெண்ணைக் கடந்து போனான். மறுபடி வந்தான், மறுபடி போனான். கோகிலாவும் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் குனிந்தாள்.

மாமனார் பொறுக்க மாட்டாமல் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டார்.

“ஐயா, புண்ணியமாப் போகும், எங்க லைன்ல கரண்டைக் கொஞ்சம் நிறுத்துங்க!”

இத்தனை வருஷ சர்வீஸில் இப்படியொரு புகார் கேட்டிராத அந்த மனிதர், “எவ்வளவு நேரத்துக்குங்க?” என்றார்.

“ஒரு மூணு முடிச்சுக்குப் போதுமுங்க!”