குட்டிக்கு வைத்த ஒற்றைச் செருப்பு

நாய்கள் எல்லாம் காட்டிலேயே வாழ்ந்த அந்தக் காலத்தில், பேச்சு எல்லா உயிருக்கும் பொதுவாக இருந்தது. நாய் சொன்னால் மனிதருக்கு விளங்கும். மனிதர் சொன்னால் நாய்க்கு விளங்கும். ஆனாலும் மனிதர் வீட்டுக்குள் எந்த நாயும் வந்து படுத்ததில்லை.

ஒரு ஏரிக்கரைக்குக் கீழே காத்தாயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெயர் சடையாண்டி. இருவரும் ஏரியை ஒட்டிய வயலில் வெள்ளரி போட்டிருந்தார்கள். பிஞ்சு விட்டதும் நரி வந்து கடித்துப் போட்டுவிடும். காத்தாயிக்கு எதற்கும் பயம். மழை வந்தால் கொடி அழுகுமோ என்பாள், வெயில் அடித்தால் காயுமோ என்பாள். நரி வேறு சேர்ந்துகொண்டதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் செவலை என்ற பெண் நாய் வயலோரம் நொண்டிக்கொண்டு போனது. அது ஒரு குரல் குரைத்ததும் நரி ஓடிப்போனதைக் காத்தாயி பார்த்தாள். மறுநாள் ஒரு சட்டியில் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"செவலை, உன் குட்டியில ஒண்ணைக் குடேன். என் பிள்ளை மாதிரி வச்சுக்கறேன்."

"மூணு குட்டியைச் சிறுத்தை தின்னுருச்சு. ஒண்ணுதான் மிச்சம். நெத்தியில வெள்ளையா பொட்டு இருக்கும். கால் இப்படி ஆனபிறகு அதையும் என்னால காப்பாத்த முடியாது. குடுக்கலாம். ஆனா பயமா இருக்கு தாயி."

"என்ன பயம்?"

"போன வருஷம் ஆட்டுக் கிடை போட வந்த ஒரு கிடைக்காரன் கேட்டான்னு ஒரு குட்டி குடுத்தேன். புல்லு தீர்ந்ததும் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். பாயைச் சுருட்டினான், பானையை எடுத்தான். குட்டியைக் கட்டின கயிற்றை மட்டும் அவிழ்க்கல. நான் தேடிப் போய்ப் பால் குடுக்கப் படுத்தேன். குடிக்க அதுக்கு உயிர் இல்ல."

காத்தாயி கஞ்சிச் சட்டியை அதன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"மூணு நாள் தர்றேன். வீட்டைத் தயார் பண்ணி வை. நான் வந்து பார்க்கறேன். மனசுக்குச் சரின்னு பட்டா விட்டுட்டுப் போறேன்" என்றது செவலை.

அந்த மூன்று நாளும் காத்தாயி உட்காரவில்லை. குட்டி விழுந்துவிடுமே என்று கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டாள். கடித்துவிடுமே என்று வாசலில் நின்ற அரளிச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். தரையில் கிடந்த முள்ளையும் உடைந்த சில்லையும் பொறுக்கினாள். தண்ணீர் வைக்க ஒரு சட்டி எடுத்தாள், அது ஆழம் என்று தோன்றியது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் ஆழம். கடைசியில் பானை மூடியை மல்லாத்தி வைத்து, அதில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றினாள்.

சடையாண்டி சிரித்தான். "ஏ புள்ளே, வர்றது நாய்க்குட்டியா, பொண்ணு பார்க்க வர்றவங்களா? எனக்கு என்னிக்காவது இப்படித் தண்ணி வச்சிருக்கியா?"

"நீங்க கிணத்துல விழ மாட்டீங்க. வாயில கிடைச்சதையெல்லாம் கடிக்கவும் மாட்டீங்க."

"உன் களியைக் கடிக்கறேனே, அதைவிடவா?"

அவள் குட்டியின் படுக்கைக்காகத் தன் பழைய சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். புதுச் சேலை ஒன்று இருந்தது. ஆனால் அதில் தன் வாசனை இல்லையே என்று யோசித்துப் பழையதையே போட்டாள்.

நான்காம் நாள் காலையில் செவலை குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தது. குட்டியை வாசலில் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி மோந்தது. கிணற்றைப் பார்த்தது. அரளி இருந்த குழியைப் பார்த்தது. சேலையில் மூக்கை வைத்து நெடுநேரம் நின்றது.

"எல்லாம் இருக்கு. ஒண்ணுதான் இல்ல" என்றது.

காத்தாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். "என்னத்த விட்டேன்?"

"நீ வெளியே போனா திரும்பி வருவேன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தியம் பண்றேன்."

"கிடைக்காரனும் பண்ணினான்."

காத்தாயி காதில் கிடந்த தோட்டைக் கழற்றினாள். "இதை வச்சுக்கோ."

"தோடு இல்லாமலும் நீ நடந்து போயிருவே. எது இல்லாம உன்னால தூரம் போக முடியாது?"

அந்தப் பக்கமெல்லாம் கருவேலங்காடு. கால் வைத்த இடமெல்லாம் முள். காத்தாயி குனிந்து தன் காலைப் பார்த்தாள். சடையாண்டி தைத்துக் கொடுத்த தோல் செருப்பு ஒரு ஜோடிதான் அவளிடம் இருந்தது. இரண்டையும் கழற்றிக் குட்டியின் முன்னால் வைத்தாள்.

செவலை ஒன்றை மட்டும் குட்டியிடம் தள்ளிவிட்டு, மற்றதை அவளிடமே தள்ளியது.

"ரெண்டையும் குடுத்தா மறந்துட்டு வேற ஜோடி தச்சுக்குவே. ஒண்ணு உன் கால்ல இருந்தா, இன்னொண்ணு எங்கேன்னு ஒவ்வொரு அடிக்கும் நினைப்பு வரும்."

நெற்றிப் பொட்டை வைத்துக் குட்டிக்குப் பொட்டு என்றே பெயராயிற்று. அப்படித்தான் பொட்டு அந்த வீட்டுக்கு வந்தது.

அதிலிருந்து காத்தாயி வெளியே கிளம்பும்போதெல்லாம் ஒரு செருப்பைப் பொட்டுவிடம் வைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டிப் போவாள். திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்வாள். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் கவலைப்பட்டது செருப்புக்காக அல்ல. குட்டி சரியாகத் தின்றதா, வயிறு ஏன் இப்படி உப்பியிருக்கிறது, ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறது என்றுதான்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை காத்தாயி வயலில் தண்ணீரை வடிய விடப் போனாள். உச்சி வேளையில் ஒரு கூக்குரல் கேட்டது.

"கரை உடைஞ்சிருச்சு! மேட்டுக்கு ஓடுங்க!"

அவள் வயலிலிருந்து நேரே மேட்டுக்கு ஓடினாள். வீட்டிலிருந்த சடையாண்டி விதைப் பானையைத் தலையில் வைத்து, இரண்டு ஆடுகளையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். காத்தாயி ஒவ்வொன்றாகக் கேட்டாள். விதை வந்ததா? வந்தது. ஆடு? வந்தது. அரிவாள், போர்வை? எல்லாம் வந்தன. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

பக்கத்து வயல்காரி நாச்சாயி அவள் காலைப் பார்த்துவிட்டு, அந்த மழையிலும் கேலி செய்தாள். "ஏண்டி, ஒத்தைச் செருப்போட எங்க கிளம்பிட்டே, விருந்துக்கா?"

காத்தாயி காலைப் பார்த்தாள். ஒன்றில் செருப்பு இருந்தது. மற்றது வெறுங்காலாக, முள் குத்தி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஓடி வந்தபோது அது அவளுக்குத் தெரியவே இல்லை.

"பொட்டு எங்கே?"

சடையாண்டி முகம் வெளுத்தது. "கூக்குரல் கேட்டதும் உன்கிட்ட ஓடியிருக்கும்னு நினைச்சேன்."

அவள் மேட்டிலிருந்து இறங்கிவிட்டாள். "போகாதே புள்ளே!" என்று கத்திய சடையாண்டி, ஆட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. வழியெல்லாம் காத்தாயி கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஒரு சத்தமும் வரவில்லை. எது எதற்கோ பயந்தோமே, நாமே அதை மறந்துபோவோம் என்று ஒருநாளும் பயப்படவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுச் சுவர் ஒரு பக்கம் கரைந்து சரிந்திருந்தது. கயிற்றுக் கட்டில் மிதந்து வந்து வாசற்படியில் சிக்கி நின்றது. அதன்மேல் பொட்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாயில் அவள் செருப்பு. செருப்பைக் கீழே போட்டிருந்தால் குரைத்திருக்கலாம், யார் காதிலாவது விழுந்திருக்கும். அது போடவில்லை.

சடையாண்டி கயிற்றைப் பிடித்துக்கொள்ள, குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மேடு ஏறினாள். அங்கே செவலை நனைந்தபடி நின்றிருந்தது. காத்தாயி அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் மறந்துட்டேன் செவலை. உன் குட்டியை நீயே கூட்டிக்கிட்டுப் போ."

செவலை குட்டியை ஒருமுறை நக்கியது. "மறந்துபோறது மனுஷங்க சுபாவம்னு தெரிஞ்சுதானே ஒத்தைச் செருப்பு வைக்கச் சொன்னேன்? அந்தக் கிடைக்காரன் தெரிஞ்சே விட்டுட்டுப் போனான். நீ மறந்துட்டுப் போனே, நினைப்பு வந்ததும் இடுப்புத் தண்ணியில திரும்பி வந்தே. குட்டி உன்கிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுக் காட்டுக்குள் நொண்டிப் போனது. பார்த்த நாய்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னது. அவை தங்கள் குட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்தன.

தண்ணீர் வடிந்து, சுவர் எழும்பி, மறுபடியும் வெள்ளரி பிஞ்சு விட்டது. ஒருநாள் காத்தாயி வயலுக்குக் கிளம்பியபோது வழக்கம்போல ஒரு செருப்பைக் கழற்றி நீட்டினாள். வளர்ந்துவிட்ட பொட்டு அதை மோந்து பார்த்தது. வாயால் தொடாமல், மூக்கால் அவள் காலடிக்கே தள்ளிவிட்டு, வாசலில் தலை சாய்த்துப் படுத்துக்கொண்டது. வெகு நாளுக்குப் பிறகு அவள் இரண்டு செருப்பும் போட்டுக்கொண்டு நடந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள்.

அன்று தொடங்கிய வழக்கம்தான், புதிதாக வீட்டுக்கு வரும் நாய்க்குட்டி வாசலில் கிடக்கும் ஜோடியில் ஒரு செருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைப்பதும், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நம்பிக்கை வந்த நாளில் அதை விட்டுவிடுவதும்.