அழித்துப் பார்த்தது

கோவையில் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறிய இடம் ஒன்றை தில்ஷாத் டீச்சர் நடத்திவந்தார். நாற்பது வயதுக்கு மேல் அவரிடம் தொழில் கற்க வந்தவர் சகாயம். டீச்சரைவிட மூத்தவர்.

இதயத் துடிப்பை அலையாகக் காட்டும் ஈசிஜி மென்பொருள் ஒன்றைச் சகாயம் எழுதி முடித்தார். வால்பாறையில் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஏற்றினார். மென்பொருள் திறந்தது. ஆனால் செருகியிருந்த ஈசிஜி கருவி அதன் கண்ணில் படவே இல்லை. அங்கே இன்டர்நெட்டும் கிடையாது. நெஞ்சுவலி என்று வந்த பெண்ணை ஜீப்பில் வைத்து மலையிறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார் என்று மறுநாள் தகவல் வந்தது. அப்படியும் சகாயத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதுங்க டீச்சர். அங்க என்ன இல்ல?"

"நீங்க எழுதினத மட்டும் வேற எடத்துல எடுத்து வச்சுட்டு, உங்க கம்ப்யூட்டர அழிச்சிருங்கண்ணா."

"முழுசாவா?"

"முழுசா. நெட் ஒயரையும் உருவிருங்க. அங்க இருக்கற மாதிரியே ஆயிரும், என்ன இல்லன்னு அதுவே சொல்லும்."

சகாயம் தயங்கினார். வந்த நாளிலிருந்து அவர் உட்கார்ந்த கம்ப்யூட்டர். அழித்தார். மென்பொருளை மட்டும் ஏற்றினார்.

கருவியோடு பேசும் லைப்ரரி என்ற துணை நிரலைக் காணோம் என்றது திரை.

அது, அவர் இங்கே சேர்ந்த புதிதில் போட்டது. அன்று அவரையே பெஞ்சில் படுக்கவைத்து டீச்சர் ஒயர் மாட்டினார். இந்த அறையில் ஓடிய முதல் அலை சகாயத்தின் நெஞ்சுதான். பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து பென்டிரைவில் அந்த லைப்ரரியை எடுத்து, மென்பொருளோடு சேர்த்துக் கட்டினார்.

அந்த லைப்ரரிக்கு வேண்டிய இன்னொன்றைக் காணோம் என்றது.

அது, மழையில் நெட் போன ஒரு மாலை, சிக்னலுக்காக ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிப் பிடித்து டீச்சர் இறக்கித் தந்தது. 'சீக்கிரம்ணா, கை நனையுது' என்று அவர் சிரித்தது காதில் கேட்டது. அதையும் சேர்த்தார்.

கடைசியாக, கருவியை இயக்கும் டிரைவர் நிரல். எப்போது போட்டது என்று யோசித்தார். ஞாபகம் வரவேயில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி மறுபடி மலையேறினார். வால்பாறையில் அலை ஓடியது. ஆஸ்பத்திரி போனிலிருந்தே கூப்பிட்டார்.

"ஓடுதுங்க டீச்சர்!"

"சந்தோஷம்ணா."

"என்னென்ன விட்டுப்போச்சுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமில்ல? சொல்லியிருந்தா அழிக்காமயே சேர்த்திருப்பேனே."



"எனக்கும் மறந்துதாண்ணா போயிருந்துச்சு. ஞாபகம் இருந்திருந்தா, அழிக்கச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்குமா?"