சிதைந்த வடிவங்களுக்கு ஒரு பெட்டி மிட்டாய்

1961ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், வியாழக்கிழமை. சென்னையில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. கடற்காற்று இன்னும் எழவில்லை.

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சூசைநாதன், தம் அறுபத்தொரு வயதை மறந்து, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். மேலே அவருடைய லத்தீன் ஆசிரியை பெர்னதெத் அம்மையார் இருந்தார். அவரைவிட இருபது வயது இளையவர்.

“அம்மா, கடைசிச் சொல்லும் பிடிபட்டுவிட்டது! லத்தீனில் ‘துல்கிஸ்’ என்றால் ‘இனிய’. அதுதான் இத்தாலியில் ‘தோல்ச்சே’, ஸ்பெயினில் ‘துல்சே’, ருமேனியாவில் ‘துல்ச்சே’, போர்ச்சுகலில் ‘தோஸ்’! பிரெஞ்சுக்காரரோ ‘தூ’ என்கிறார். இனிப்பைத் தின்றுவிட்டுத் துப்புகிறாரோ என்னவோ!”

அம்மையார் சிரித்துவிட்டார். “முதலில் மூச்சு விடுங்கள், ஐயா.”

“எப்படி விடுவது? பன்னிரண்டு ஆண்டு உழைப்பு! பிற்பகல் மூன்று மணிக்கு, லத்தீனும் அதிலிருந்து பிறந்த மொழிகளும் அடங்கிய என் அகராதியின் கடைசிப் பக்கம் அச்சேறுகிறது. துல்கிஸைத் ‘தூய வடிவம்’ என்று பெரிய எழுத்தில் அச்சுக் கோக்கச் சொல்லியிருக்கிறேன். மற்றவை ‘சிதைந்த வடிவங்கள்’; பொடி எழுத்து. ஒரே ஓர் ஐயம்: மிகவும் சிதைந்தது எது? போர்ச்சுகீசியமா, பிரெஞ்சா?”

அம்மையார் அலமாரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே கருப்பட்டி மிட்டாய்.

“துறைமுகத்தில் மாலுமிகள் உணவகம் இருக்கிறது. பல நாட்டுக் கப்பல்கள் வந்திருக்கின்றன. தூய வடிவம் பேசுகிறவருக்கு முதலில் கொடுங்கள். மிஞ்சினால் சிதைந்தவர்களுக்கு.”

“அச்சகம்?”

“ரிக்‌ஷாவில் போங்கள்.”

ஒரு மணிக்குச் சூசைநாதன் திரும்பினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கண்கள் பளபளத்தன.

“அம்மா, காதாரக் கேட்டேன்! ஒரு கிழட்டுப் போர்ச்சுகீசியர் கண்ணை மூடிக்கொண்டு ‘தோஸ், தோஸ்’ என்கிறார். ஓர் இத்தாலியர் என் கன்னத்தைக் கிள்ளி, ‘தோல்ச்சே’ என்று கூவி, இன்னொன்றைப் பிடுங்கிக்கொண்டார்!”

“தூய வடிவம் பேசுகிறவர்?”

“மேசை மேசையாகத் தேடினேன். லத்தீன் பேசுகிறவர் ஒருவரும் இல்லை.”

“அப்படியானால் பெட்டியில் மிச்சம் என்ன இருக்கிறது?”

சூசைநாதன் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு துணுக்குக்கூட விழவில்லை.

“சிதைந்தவர்களில் எவருக்காவது இனிக்கவில்லையா, ஐயா?”

சூசைநாதன் வெற்றுப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

இரண்டரை மணிக்கு அவர் அச்சகத்தில் இருந்தார். கோத்த பக்கத்தைக் கலைக்கச் சொன்னார். அச்சுக்கோப்பவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அகராதி பதினொரு நாள் தாமதமாக வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில் ஆறு சொற்களும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன.